ஈரத்துணியைக் கண்டால் உட்காரும் நாய்

நாயைக் கொடுக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் சொன்ன பிறகுதான், அதைக் கொண்டு போயே தீருவது என்று நான் முடிவு செய்தேன். அதுவரைக்கும் கொண்டு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் குணம் அப்படி. ஆகாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குச் சோறு இறங்காது.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது இருபத்தாறு. வீடு ஸ்ரீவராகத்தில், அக்ரகாரத் தெருவில். அங்கிருந்து தம்பானூர் வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன். ரயில் தம்பானூர் வரைக்கும் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டேஷனுக்குப் பின்னால் இன்னும் தென்னந்தோப்பும் சதுப்புமாகத்தான் கிடந்தது. அந்தத் தோப்பில் ஒரு நீளமான ஓலைக் கொட்டகை. அதற்குள்ளிருந்து காலையும் மாலையும் நாய்க் குரைப்பு கேட்கும்.

கொட்டகையை நடத்தியவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிறிஸ்தவ அம்மாள். தெற்கே தக்கலைப் பக்கத்துக்காரர். ஊரில் தெருநாய் பிடிக்கிறவர்கள் பிடித்து வரும் நாய்களில், நோயில்லாத இளசுகளைக் கேட்டு வாங்கி வந்து இங்கே கட்டி வைப்பார். பத்து நாள் அவகாசம். அதற்குள் யாராவது வந்து வளர்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் நாய் பிழைத்தது. இல்லாவிட்டால் பதினோராம் நாள் மருந்து வைத்துவிடுவார்கள். அந்த மருந்தை வைப்பதும் இதே அம்மாள்தான். வேறு யாராவது வைத்தால் நாய் பயந்துபோகும் என்பார்.

நான் பார்த்த நாய்க்கு ஏழெட்டு மாசம் இருக்கும். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். மூங்கில் தட்டிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்து உடம்பு முழுவதையும் ஆட்டும். வாலை மட்டும் ஆட்டுகிற நாய் இல்லை அது. தபால்காரரைப் பார்த்தும் அப்படித்தான், வண்டிமாட்டைப் பார்த்தும் அப்படித்தான். முதல் நாள் என்னைப் பார்த்து அது ஆடியபோது, வேறு யாரையோ பார்க்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

இதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. கணவர் போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். மாசத்துக்கு ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி வருவார்; இரண்டு நாள் இருப்பார்; பாதி நேரம் தூங்குவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமியாரும் நானும் மட்டும். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. சாயங்காலம் நான் வீடு திரும்பினால் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு ஜீவன் வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். திருட்டுப் பயம், இரண்டு பெண்கள் தனியாக இருக்கிறோம் என்றெல்லாம் பிற்பாடு நான் சொன்னது ஊருக்காக.

எட்டாம் நாள் கொட்டகைக்குள் போய்க் கேட்டேன். அம்மாள் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"டீச்சருக்கு எங்க தாமசம்?"

"ஸ்ரீவராகம்."

"அக்ரகாரத் தெருவிலயா?"

"ஆமாம்."

"அப்பம்னா தரமாட்டேன், கேட்டியளா. கடிக்கிற நாயின்னா கூட ஒங்க தெருவுக்குக் குடுப்பேன். யாரும் பக்கத்துல போவமாட்டாவ, ஒரு தொந்தரவும் இல்ல. இந்தச் சவம் ஆரக் கண்டாலும் ஓடிப்போயி ஒட்டிக்கிடும். ஒங்க ஆளுவ குளத்துல முங்கிட்டு ஈரத்துணியோட வருவாவ. இது மேல காலத் தூக்கி வைக்கும். நாலு நாள்ல திருப்பிக் கொண்டு வந்து நிப்பிய. எனக்கு அனுபவம் உண்டு பிள்ளே."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அக்ரகாரம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுகிவிட்டு ஈரத்துணியோடு இருப்பவரை, அந்தச் சுத்தத்தோடு சமையலோ பூஜையோ முடியும் வரைக்கும், வேறு யாரும் தொடக்கூடாது. அதற்கு மடி என்று பெயர். தொட்டுவிட்டால் விழுப்பு; மறுபடியும் போய் முழுக வேண்டும். மனிதர் தொட்டாலே அப்படி. நாய் தொட்டால் கேட்கவே வேண்டாம். ஊரெல்லாம் சிநேகமான நாயைத் தேடும். எங்கள் தெருவுக்கு ஆகவே ஆகாதது சிநேகமான நாய்தான்.

"நான் திருப்பிக் கொண்டு வர மாட்டேன்" என்றேன்.

அம்மாள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொண்டு வந்தா மறுபடி பத்து நாள் கெடையாது. அண்ணைக்கே மருந்து. அதையும் நானாக்கும் வைக்கணும். வீட்டுல பெரியவுங்க சம்மதம் வாங்கிட்டு வாருங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

வீட்டுப் பெரியவர் என்றால் மாமியார்தான். விடியுமுன் முழுகி, வெள்ளைப் புடவையை ஈரத்தோடு சுற்றிக்கொண்டு அடுக்களைக்குள் போனால், பகல் சாப்பாடு முடியும் வரைக்கும் அவர் மடி. அந்த நேரத்தில் அவர் கூடத்தைக் கடந்தால் நான் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். எனக்குச் சோறு போடும்போது கையை உயர்த்தித்தான் போடுவார். பள்ளிக்கூடத்தில் யார் யாரையோ தொட்டுவிட்டு வருகிறவள் நான். சாயங்காலமும் புடவை மாற்றும்வரை விழுப்புதான். இதில் எனக்கு வருத்தம் என்று எதுவும் அப்போது தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்து, டம்ளரைத் தரையில் வைத்துத் தள்ளுவார். சூடு ஆறுமுன் குடி என்பார்.

கணவருக்கு முதலிலேயே கடுதாசி போட்டிருந்தேன். பதில் வந்தது: உன் இஷ்டம், அம்மாவின் இஷ்டத்தையும் பார்த்துக்கொள். இரண்டையும் ஒரே வரியில் எழுத அவரால்தான் முடியும். ஆகவே அன்று சாயங்காலம் மாமியாரிடம் நானே போய் நின்றேன். கேட்கவில்லை, சொன்னேன்.

"நாளைக்கு ஒரு நாய் கொண்டு வரப் போறேன், அம்மா."

அவர் திரி திரித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த திரியை முடித்து வைத்தார்.

"பட்டியா? எதுக்கு?" நாயை எங்கள் தெருவில் பட்டி என்றுதான் சொல்வார்கள்.

"காவலுக்கு."

"இந்த ஆத்துல எடுத்துண்டு போக என்ன இருக்கு, காவல் வைக்க?" என்றார். பிறகு, அவரே எதிர்பார்க்காத மாதிரி, நிபந்தனைகளை அடுக்க ஆரம்பித்தார். அது நிலைப்படி தாண்டப்படாது. கிணற்றடிக்கு வரப்படாது. தோல் பெல்ட்டு இந்த வீட்டுக்குள் வரப்படாது. "கேட்டியா, மடியா இருக்கறவா ஒருத்தரையாவது அது தீண்டித்தோ, மறுநாளே கொண்டு விட்டுடணும். அப்பறம் என்னண்ட வந்து அழப்படாது."

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். எதற்குச் சரி சொல்கிறோம் என்று யோசித்தால் காரியம் நடக்காது.

மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய புடவையின் கரையைக் கிழித்து மூன்று இழையாகப் பின்னிய பட்டையை அதன் கழுத்தில் கட்டி, லைசென்ஸ் எண் போட்ட பித்தளை வில்லையை அதில் கோத்து, நடத்தி அழைத்து வந்தேன். வழி நெடுக எதிர்ப்பட்ட அத்தனை பேருக்கும் அது வணக்கம் சொன்னது. இருபது நிமிஷத்து நடைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கொட்டகை அம்மாள் தோப்பு முனை வரைக்கும் கூடவே வந்தார். நாயைத் தடவிக் கொடுக்கவில்லை. "போ மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டை ஒட்டிய சந்தில், பழைய மாட்டுக் கொட்டிலில் அதற்கு இடம். தயிர்சாதம் சாப்பாடு. ஒரு வாரம் நான் இருந்த சந்தோஷத்தை எழுதினால் அசட்டுத்தனமாக இருக்கும். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே என் செருப்புச் சத்தம் அதற்குத் தெரிந்துவிடும். சந்துக் கதவுக்குப் பின்னால் ஒரே அமளி. கதவைத் திறந்தால் என் மேல் முழுவதுமாக விழும். பள்ளிக்கூடத்துப் புடவைதானே, எப்படியும் விழுப்பு. நான் கொட்டில் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வேன். நாலு வருஷத்தில் நான் அந்த வீட்டில் பேசியதைவிட அந்த ஒரு வாரத்தில் பேசியது அதிகம்.

எட்டாம் நாள் காலை சந்துக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அது என் தப்பு.

எதிர்வீட்டு மாமா தெருக்காரர்களின் சங்கமான சமூகத்துக்குக் காரியதரிசி. தெருவில் யார் வீட்டு ஓடு உடைந்தாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். குளத்தில் முழுகிவிட்டு, ஈர வேஷ்டியோடு, கையில் செம்பில் தண்ணீரோடு, உதடுகள் மந்திரத்தில் அசைய அவர் வந்துகொண்டிருந்தார். நாய் ஓடிப் போய் முன்னங்கால் இரண்டையும் அவர் வயிற்றில் வைத்து நின்று, முழங்கையை நக்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மந்திரத்தின் நடுவில் பேசக்கூடாது. திரும்பிக் குளத்துக்குப் போனார். நாயும் கூடவே போனது. அவர் முழுகுவதைப் படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. அவர் ஏறி வந்ததும், வெகு நாள் பிரிந்தவரைப் பார்த்ததுபோல் மறுபடி மேலே ஏறியது. இப்படி மூன்று முழுக்கு. மூன்றாவது முழுக்கின்போதுதான் தெருவே சிரிக்கிற சத்தம் கேட்டு நான் ஓடிப் போய் அதைப் பிடித்தேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. எங்கள் வாசலில் வந்து நின்று, உள்ளே பார்த்து மாமியாரிடம்தான் பேசினார்.

"மன்னி, ஒங்க மாட்டுப்பொண்ணாண்ட சொல்லுங்கோ. இது அக்ரகாரம். பட்டி வளக்கற எடமில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போறதுக்கு முன்னாடி கொண்டு விட்டுடச் சொல்லுங்கோ. இல்லேன்னா நான் சமூகத்துக்காக நகரசபைக்கு எழுத வேண்டி வரும், கேட்டேளா."

அவர் போன பிறகு மாமியார் என்னைப் பார்த்தார். "சொன்னபடி செய்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. கோபக்காரர்களிடம் வாதாடலாம்.

கொண்டு விடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே மருந்து. கஞ்சி ஊற்றின அதே கை. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அது தப்புப் பண்ணலை அம்மா. அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் மூடறா. எடவம் ஒண்ணாம் தேதி வரைக்கும் எனக்கு டைம் குடுங்கோ. அன்னிக்கு அந்த மாமாவே ஈர வேஷ்டியோட அது முன்னாடி நடக்கட்டும். தீண்டித்துன்னா நானே கொண்டு விடறேன். அதுக்கப்பறம் எப்பத் தீண்டினாலும் அப்படித்தான்."

"பட்டிக்கு மடி சொல்லிக் குடுக்கப் போறியா?"

"ஆமாம்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. சிரிப்பு என்று சத்தியம் பண்ண மாட்டேன். எதிர்வீட்டு மாமாவுக்கு ஆள் அனுப்பி, இடவம், அதாவது வைகாசி, ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். அவர் பொறுத்தார். இது நடக்காது என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

பின்னம் ஏறாத மண்டைகளில் பின்னத்தை ஏற்றிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு சமயத்தில் ஒரு பாடம்தான் நடத்த வேண்டும். ஈரத்துணியைக் கண்டால் உட்கார வேண்டும், நகரக் கூடாது. இது ஒன்றுதான் பாடம். கோடை விடுமுறை முழுவதும் நான் ஈரமாகவே இருந்தேன். கிணற்றில் நாலு வாளி இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டச் சந்துக்குள் நடந்து வருவேன். அது எழுந்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவேன். உட்கார்ந்தே இருந்தால், போய் உலர்ந்த புடவை கட்டிக்கொண்டு வந்து ஒரு விள்ளல் தோசையும் ஒரு கொஞ்சலும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. எனக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்து போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் மாடி ஜன்னலிலிருந்து, டீச்சர் பட்டிக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். விஷுவன்றுகூட நான் பாடம் நிறுத்தவில்லை.

மூன்றாவது வாரம் அது கிட்டத்தட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. கிட்டத்தட்ட என்றால் பத்தில் ஒன்பது. அந்தப் பத்தாவதில்தான் அதன் உயிர் இருந்தது. ஒரு நாள் பத்தாம் தடவை என் மேல் பாய்ந்தது. எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது, தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஈரத்துண்டை முறுக்கி அதன் முகத்தில் அடித்துவிட்டேன். ஒரே ஒரு தடவை. அது கத்தவில்லை. மூலையில் போய் உட்கார்ந்து, நான் செய்தது இன்னதென்று புரியாமல் என்னையே பார்த்தது. அதன் பிறகு அது ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த அடிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இடவம் ஒண்ணாம் தேதி காலை தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா குளத்திலிருந்து வந்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாகவே நடந்தார் என்பது என் எண்ணம். சந்துக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு நான் விலகி நின்றேன். நாய் வெளியே வந்தது, அவரைப் பார்த்தது, உட்கார்ந்தது. அவர் நின்றார். இரண்டடி அதன் பக்கமாகவே வைத்தார். நாய் காதைத் தாழ்த்திக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து, மறுபடி உட்கார்ந்தது.

"கொள்ளாம்!" என்று மெச்சினார் மாமா. மந்திரத்தின் நடுவிலேயே. மறுநாள் முதல் வரும் போகும் ஆட்களிடமெல்லாம், எங்கள் தெரு நாய்க்குக்கூட ஆசாரம் தெரியும் என்று அவர்தான் பெருமை அடித்துக்கொண்டார். ஆனாலும் என் மாமியாரிடம் நினைவுபடுத்தத் தவறவில்லை: ஒரே ஒரு தடவை தப்பினாலும் எழுதிவிடுவேன்.

நான் ஜெயித்துவிட்டேன். தலைகால் புரியவில்லை எனக்கு. அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். நாய் என் காலடியில் இருந்தது. மாமியார் குளத்திலிருந்து ஈரப் புடவையோடு படியேறி வந்தார். நான் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். நாயும் அதே சமயத்தில் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். மாமியார் ஒரு படியில் நின்று எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். ஏதாவது தப்பாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு உள்ளே போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறந்தது. திறந்த அன்றே இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் திறந்துகொண்டது.

எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் பார்த்துக் குடை எடுக்காமல் போனவள், சாயங்காலம் தம்பானூரிலிருந்து கோட்டை தாண்டி ஸ்ரீவராகம் வரைக்கும் தலையோடு கால் நனைந்து வந்தேன். புடவை காலில் சுற்றிக்கொண்டது. ஆனாலும் மனம் குதித்துக்கொண்டிருந்தது. விடுமுறையெல்லாம் டீச்சராக இருந்தாயிற்று. இனிமேல் பழையபடி சாயங்கால வரவேற்பு உண்டு.

தெருமுனை திரும்பினேன். சந்துக் கதவுக்குப் பின்னால் அமளி கேட்டது. திறந்தேன். நாய் பாய்ந்து வந்தது. என் புடவையைப் பார்த்தது. பாதியில் நின்று உட்கார்ந்தது.

"வா" என்றேன்.

வரவில்லை. அதன் உடம்பு முழுக்க ஆடியது. தொண்டையில் முனகல் வந்தது. நான் ஓரடி கிட்டே போனால் அது ஓரடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. துண்டை முறுக்கின கை இதுதான் என்பதுபோல் என் கையையே பார்த்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரத்துணிக்கு மேல் நான் அதற்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. குளத்து ஈரம் வேறு, மழை ஈரம் வேறு என்று அதற்கு எப்படித் தெரியும்? வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். கணக்கு டீச்சர் வேறு. மழை பெய்தால் ஊரே நனையும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இனி ஆறு மாசம் யாரைப் பார்த்தாலும் அது உட்காரும். ஊரையே கண்டு ஆடிய நாயை ஊரிலிருந்தே தள்ளி உட்கார வைத்துவிட்டேன். யாராவது தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று கொண்டு வந்தவள், அதைத்தான் முதலில் அதனிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தால் அது ஓடி வந்திருக்கும். தெரியும். ஆனால் அப்படிப் போக எனக்குக் கால் எழவில்லை. இப்படியே, இந்த ஈரத்தோடேயே அது என்னிடம் வர வேண்டும். வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நாளைக்கே மாமாவின் ஈர வேஷ்டியிலும் காலை வைக்கும், மாமா எழுதுவார். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், சமூகமாவது நகரசபையாவது. நாயைத் தூக்கிக்கொண்டு போனக்காட்டுக்கே நடப்பேன். பையைப் படியில் வைத்துவிட்டு, வாசலில், கொட்டுகிற மழையில், தெருவில் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன்.

நாய் சந்து வாயில் உட்கார்ந்திருந்தது. நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நடுவில் ஆறடி. மழை விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை முளைத்தது. எதிர்வீட்டு மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கூப்பிட்டார்.

"மன்னி! கொஞ்சம் வெளியில வந்து பாருங்கோ. ஒங்க மாட்டுப்பொண்ணுக்கு என்னவோ ஆயிடுத்து."

மாமியார் வாசற்படிக்கு வந்தார். சாயங்கால விளக்கேற்ற முழுகிவிட்டு, அப்போதுதான் மடியோடு நின்றிருக்கிறார்.

"எதுக்குடீ மழையில ஒக்காந்திருக்கே?"

"அது என்னண்ட வர மாட்டேங்கறது, அம்மா" என்றேன். அழுதேன். ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. "நான் ஈரமா இருக்கேன்னு வர மாட்டேங்கறது. நான்தான் அப்படிப் பழக்கினேன்."

அவர் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. நான் திரும்பி நாயைப் பார்த்தேன். "வா, அடிக்க மாட்டேன், வா" என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அது வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு ஒரு சாண் வந்தது. நின்றது. இன்னொரு சாண். என் விரல் நுனியை முகர்ந்தது. பிறகு ஏதோ அறுந்தது. அத்தனை பாடமும் போயிற்று. என் மேல் முழுசாக விழுந்து, முகம், கழுத்து, ஈரத் தலைமயிர் எல்லாவற்றையும் நக்கித் தள்ளியது. நான் அதைக் கட்டிக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். சந்தோஷம் தாங்காத நாய் எங்கே நிற்கும்? என் பிடியிலிருந்து நழுவித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது. நான் எழுவதற்குள் எங்கள் வாசற்படி ஏறியது. சேறான முன்னங்கால் இரண்டையும் மாமியாரின் வெள்ளைப் புடவையில் வைத்து நிமிர்ந்து நின்றது.



"பாத்தேளா!" என்று எதிர்வீட்டு மாமா கத்தினார். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? மன்னியையே தீண்டித்தே! நாளைக்கே எழுதிடறேன்."

மாமியார் குனிந்து புடவையில் பதிந்த இரண்டு கால்தடத்தையும் பார்த்தார். நாயைப் பார்த்தார். அது அவர் முகத்தைப் பார்த்து உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. அவர் கை மெல்ல இறங்கி அதன் தலைமேல், மடிந்த காதின் பக்கம், வந்து நின்றது. வீட்டுக்குள் நான் வந்த நாளிலிருந்து, பகலில் அந்தக் கை யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"எழுதப்படாது" என்றார், மாமாவைப் பார்த்து. "மடி என்னோடது. அதைக் காப்பாத்திக்கறது என் பாடு. பட்டியோட பாடா? குளத்துல ஜலம் இருக்கு, நான் போய் முழுகிக்கறேன். மழைக்கு நடுவுல குளத்துல வெள்ளம் இல்லாமப் போயிடுமா? ஒங்களுக்கும் அதே குளம்தான்."

மாமா திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் அவருக்கு மூத்தவர் என் மாமியார் ஒருவர்தான்.

மாமியார் படியிறங்கி மழைக்குள் வந்தார். நாய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் சேற்றில் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, குனிந்து, கையை நீட்டினார். நான் பழக்கத்தில் தலைப்பை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

"நான் விழுப்பு, அம்மா."

"தெரியும்" என்றார். கையை எடுக்கவில்லை. மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. "நீ பட்டிக்கு ரெண்டு மாசம் சொல்லிக் குடுத்தே. நான் ஒனக்கு நாலு வருஷமா சொல்லிக் குடுத்திருக்கேன். போறும். எழுந்திரு, கையைக் குடு."

கொடுத்தேன்.